விருந்தினர் மேளமும் வீட்டுப் பிள்ளைகளும்

எமது பாடசாலையின் ஆண்டு விழா நெருங்குந்தோறும் பெற்றோர் கூட்டத்தில் ஒரு கேள்வி தவறாது எழுகின்றது. "இம்முறை வெளியிலிருந்து யாரைக் கூப்பிடுகிறீர்கள்?" என்பதே அது. பிள்ளைகள் என்ன செய்யப் போகின்றார்கள் என்ற கேள்வி அதற்குப் பின்னரே வரும். சில ஆண்டுகளில் வராமலே போவதும் உண்டு. பாரிசிலிருந்து தவில், இலண்டனிலிருந்து இசைக்குழு, சென்னையிலிருந்து தொலைக்காட்சிப் பாடகர் என்று பெயர்கள் அடுக்கப்படும். மண்டபம் நிறைய வேண்டும். அது நிறைய வேண்டுமாயின் பெயர் பெற்ற ஒருவர் மேடையேற வேண்டும் என்னும் இந்தக் கணக்கை நாம் முற்றாகத் தள்ளிவிடவில்லை. மண்டப வாடகை, ஒலி, ஒளி, இம்மலரின் அச்சுக்கூலி ஆகிய யாவும் விழாவன்று சேரும் பணத்திலிருந்தே கொடுபட வேண்டியுள்ளன. விழாவிற்கு முந்திய வாரத்தில் எமது பொருளாளரின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

ஆயினும் அண்மைக் காலத்தில் இவ்வழக்கம் வேறொரு வடிவம் எடுத்துள்ளது. வெளியூர்க் கலைஞர் தமது நிகழ்ச்சியைத் தனியே வழங்கிச் செல்வது ஒன்று. பிள்ளைகளின் நிகழ்ச்சிக்குள்ளேயே அவரைக் கொண்டுவந்து இருத்தி, அவர் எழுப்பும் ஓசையைப் பிள்ளைகள் எழுப்பிய ஓசையாகச் சபைக்கு வழங்குவது மற்றொன்று. முன்னையதை விருந்து என்போம். பின்னையதற்கு இடத்தக்க பெயரை வாசகரின் தீர்ப்பிற்கே விட்டுவிடுகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் வேறொரு நகரத்துத் தமிழ்ப் பாடசாலையின் விழாவிற்கு அழைப்பின் பேரிற் சென்றிருந்தோம். நிகழ்ச்சி நிரலில் "மாணவர் தாள வாத்தியக் கச்சேரி" என்று இருந்தது. பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் பட்டு வேட்டியும் பாவாடையும் உடுத்து, மிருதங்கங்களுடன் இரு வரிசையாக அமர்ந்திருந்தனர். மேடையின் ஓரத்தில், திரைச்சீலையின் மறைவிற் பாதியும் வெளியிற் பாதியுமாக, கூலிக்கு அமர்த்தப்பட்ட ஒருவர் மின்தாளக் கருவியொன்றை வைத்துக்கொண்டிருந்தார். ஒலிவாங்கிகள் யாவும் அவர் பக்கமே இருந்தன. நிகழ்ச்சி மிக விறுவிறுப்பாக அமைந்தது. சபை எழுந்து நின்று கைதட்டியது. இடைவேளையில் மரக்கறி ரோல்ஸ் உண்டுகொண்டு நின்ற ஒரு சிறுவனிடம், நன்றாக வாசித்தீர்கள் என்று கூறினோம். அவன் எம்மைச் சற்றுநேரம் பார்த்துவிட்டு, "நாங்கள் மெதுவாத்தான் தட்டினனாங்கள் சேர். பலமா அடிக்க வேண்டாம் எண்டு சொன்னவை" என்றான். அவன் குரலில் முறைப்பாடு இருக்கவில்லை. அதுவே எம்மை அதிகம் வருத்தியது. தன் கைக்கும் சபையின் கைதட்டலுக்கும் தொடர்பில்லை என்பதை அவன் சாதாரணமான ஒன்றாக ஏற்றுக்கொண்டிருந்தான்.

அப்பாடசாலையின் ஆசிரியர்களைக் குறைகூற நாம் இதனை எழுதவில்லை. அவர்களும் எம்மைப் போன்று வார நாட்களில் தொழிற்சாலையிலும் சமையலறையிலும் நின்றுவிட்டுச் சனிக்கிழமைகளிற் கரும்பலகையின் முன் நிற்பவர்களே. பெற்றோர் எதிர்பார்க்கும் தரத்திற்கும், வாரத்தில் இரண்டு மணித்தியாலத்தில் எட்டக்கூடிய தரத்திற்கும் இடையிலுள்ள வெளியை எதைக்கொண்டு நிரப்புவது என்பதே அவர்களது இடர்ப்பாடு. எமது இடர்ப்பாடும் அதுவே.

வெளியூர் வல்லுநரை அழைப்பது எம்மவர்க்குப் புதிய வழக்கமன்று. தாயகத்தில் அது நன்றாக நடந்த காலமும் உண்டு. நன்றாக நடவாத காலமும் உண்டு. இரண்டையும் ஒருங்கே நினைத்துப் பார்ப்பது பயன்தரும்.

மட்டக்களப்பின் கூத்து மரபை எடுத்துக்கொள்வோம். ஓர் ஊரார் கூத்து ஆட விரும்பினால், அவ்வூரில் அண்ணாவியார் இல்லாதவிடத்து அயலூரிலிருந்து ஒருவரை வேண்டி அழைப்பர். அவர் வந்து, ஆடுவோரின் உடல்வாகும் குரலும் பார்த்துப் பாத்திரங்களைப் பகிர்ந்து, "சட்டங் கொடுத்தல்" என்னும் முறைப்படி அவரவர்க்குரிய பாட்டுகளை வழங்குவார். பகலெல்லாம் வயலில் நின்ற உழவரும் மீனவரும் இரவிற் கூடி ஆடிப் பழகுவர். மாதக் கணக்கிற் பழகிய பின்னரே சதங்கை அணிதல். அதன்பின் களரியில் அரங்கேற்றம். அரங்கேற்ற இரவில் அண்ணாவியார் எங்கே இருப்பார்? திரையின் மறைவிலன்று. களரியின் உள்ளேயே, எல்லோரும் காண, மத்தளத்தைக் கட்டிக்கொண்டு நிற்பார். பக்கத்திற் சல்லரி பிடிப்பவர் நிற்பார். அந்த இரவின் தாளம் முழுவதும் அவர் கையில். ஆயினும் ஆடுவது ஊராரின் கால்கள். அக்கால்கள் தவறினால் மத்தளம் எவ்வளவு முழங்கியும் பயனில்லை. அண்ணாவியாரின் பெயர் கெடும். எனவே தமது பெயரைக் காக்கும் பொருட்டாவது அவர் அந்தக் கால்களைப் பழக்கியே ஆகவேண்டும். வெளியூர் வல்லுநரின் மானமும் உள்ளூர்ப் பிள்ளையின் பயிற்சியும் ஒரே கயிற்றிற் பிணைக்கப்பட்டிருந்த ஏற்பாடு இது. எழுத்தில் ஒப்பந்தம் எதுவுமின்றி நம் முன்னோர் செய்துவைத்த இவ்வேற்பாட்டின் நுட்பத்தை நினைக்குந்தோறும் வியப்பே மேலிடுகின்றது.

இதே முறையைப் பல்கலைக்கழகத்திற்குக் கொண்டுசென்றவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். பேராதனையில் 1962 இல் "கர்ணன் போர்", 1964 இல் "இராவணேசன்" ஆகிய கூத்துகள் அவரது முயற்சியால் மேடையேறின. விடிய விடிய ஆடும் கூத்து, படச்சட்ட மேடைக்கேற்பச் சுருக்கப்பட்டது. அம்முயற்சியில் மாணவர்க்கு ஆட்டமும் பாட்டும் பழக்க மட்டக்களப்பிலிருந்து வந்தவர் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார். பட்டம் பெறாத ஒருவர் பல்கலைக்கழக மாணவர்க்கு ஆசானாக அமர்ந்தார். மேடையில் ஆடியோர் மாணவரே. இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு, பின்னாளிற் பேராசிரியராகி, அக்கூத்தை அடுத்த தலைமுறைக்குப் பழக்கினார். பேராசிரியர் வித்தியானந்தன் விரும்பியிருந்தால், மட்டக்களப்பிலிருந்து முழுக் கூத்துக் குழுவையே வருவித்து, ஓரிரவு ஆடச்செய்து, வண்டியேற்றி அனுப்பியிருக்கலாம். செலவும் குறைந்திருக்கும், ஆட்டமும் அன்றைக்குச் சிறப்பாகவே இருந்திருக்கும். ஆயின் மறுநாட் காலையிற் பேராதனையில் என்ன எஞ்சியிருக்கும்?

அப்படி எதுவும் எஞ்சாத வழக்கமும் எம்மிடம் இருந்தது. யாழ்ப்பாணத்துக் கோயில்களிற் பெரிய மேளம், சின்ன மேளம் என்னும் இரண்டும் இருந்தன. பெரிய மேளம் என்பது நாதஸ்வரமும் தவிலும். சின்ன மேளம் என்பது ஆடல் மகளிரின் குழு. தமிழ்நாட்டிலிருந்து பொருள் கொடுத்து வருவிக்கப்பட்டுத் திருவிழா இரவுகளில் ஆடிச் செல்வது. திருவிழா உபயகாரர்கள் தம்முட் போட்டியிட்டு, உனது திருவிழாவிற்கு இரண்டு கூட்டம் என்றால் எனது திருவிழாவிற்கு நான்கு கூட்டம் என்று செலவு செய்தனர். நாவலர் பெருமான் இதனைச் சைவ ஒழுக்கத்தின் பெயராற் கண்டித்தார். எமது நோக்கு இங்கே வேறு. வந்த கலைஞரை நாம் இழிவாக நினைக்கவில்லை. அவர்களிற் பலர் கைதேர்ந்தவர்களாகவே இருந்திருப்பர். ஆனால் அத்தனை திருவிழாக்களில் அத்தனை பணம் செலவழிந்தும், அந்த ஆடலை முறையாகக் கற்ற யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் எத்தனை பேர்? பரதம் எம் ஊர்ப் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்தது பின்னர், வேறு வழியால், ஆசிரியர்கள் மூலமாக.

பெரிய மேளத்தின் கதை இதற்கு நேர்மாறானது. தமிழ்நாட்டிலிருந்து வந்த நாதஸ்வர, தவிற் கலைஞர்களிற் சிலர் யாழ்ப்பாணத்திலேயே தங்கினர், மணவுறவு கொண்டனர், பிள்ளைகளைப் பழக்கினர். இணுவில், அளவெட்டி முதலிய ஊர்களில் இசைக் குடும்பங்கள் தழைத்தன. அந்தச் சூழலில் வளர்ந்தவரே 1975 இல் மறைந்த தவில் மேதை தட்சிணாமூர்த்தி. அவர் தமிழ்நாடு சென்று நாச்சியார்கோவில் இராகவபிள்ளையிடமும் பயின்றார். பின்னர் தமிழ்நாட்டு இரசிகர்கள் "யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி" என்று ஊர்ப்பெயரை முன்னே வைத்து அவரைக் கொண்டாடினர். வருவித்த மேளம் ஏற்றுமதி மேளமாகிய வரலாறு இது! இராமநாதன் இசைக் கல்லூரியிலும் இவ்வாறே. 1960 இல் மருதனார்மடத்தில் அது தொடங்கியபோது, மகாராஜபுரம் சந்தானம் அவர்கள் தமிழகத்திலிருந்து வந்து முதல்வராக இருந்தார். கச்சேரி செய்துவிட்டுக் கப்பலேறுவது அவர்க்கு எளிதாயிருந்திருக்கும். அவர் தங்கிக் கற்பித்தார்.

ஆகவே வெளியார் வேண்டுமா வேண்டாமா என்று வாதிடுவது வீண் என்பதே எமது எண்ணம். வந்தவர் எத்தனை நாள் நின்றார், யாருக்கு எதைக் கொடுத்துச் சென்றார் என்பவற்றையே கேட்க வேண்டும்.

தவில் பழகும் முறையிலேயே ஒரு பாடம் உண்டு. மேளக் கூட்டத்தில் நாதஸ்வரமும் தவிலும் மட்டுமன்றி ஒத்தும் தாளமும் உண்டு. சிறுவன் முதலிற் கையில் எடுப்பது தாளம். பெரியவர்களின் பக்கத்தில் நின்று, சாமி வீதி சுற்றி முடியும்வரை, காலம் பிசகாமல் தாளத்தைத் தட்டிக்கொண்டிருப்பான். யாரும் அவனைப் பார்ப்பதில்லை. ஆனால் அவன் தட்டுவது மெய்யான தாளம்; அவன் பிசகினால் தவில்காரர் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வையில் அவன் கற்பது வகுப்பறையில் மூன்று மாதத்திற் கற்பதிலும் அதிகம். சிறுவனுக்கு அங்கே கொடுக்கப்பட்டது சிறிய பங்கு; எனினும் அது பொய்யான பங்கன்று. மேலே கூறிய மிருதங்கச் சிறுவனுக்குக் கிடைத்ததோ பெரிய பங்கு. ஆயின் அது வெறும் தோற்றம்.

இங்கு, எம்மைச் சூழவுள்ள டொச் மக்கள் இதனை எவ்வாறு செய்கின்றனர் என்பதையும் சற்று நோக்கலாம். வெஸ்ற்பாலிய ஊர்களிற் கோடைக்காலத்திற் "சூற்சன்பெஸ்ற்" என்னும் விழா நடப்பதை நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். ஊர்வலத்தில் முரசும் குழலும் இசைக்கும் "ஸ்பீல்மன்ஸ்சூக்" எனப்படும் குழு முன்னே செல்லும். எல்லாச் சங்கத்திடமும் சொந்தக் குழு இல்லை. ஆதலால் அயலூர்க் குழுவை அமர்த்துவர். அந்தக் குழு தன் ஊர்ப்பெயர் பொறித்த கொடியைத் தாங்கி, தன் சீருடையிலேயே நடக்கும். அவர்கள் யார், எங்கிருந்து வந்தனர் என்பது வீதியில் நிற்கும் சிறு பிள்ளைக்கும் தெரியும். அமர்த்திய சங்கத்திற்கு அதில் ஒரு வெட்கமும் இல்லை. எமது பிள்ளைகளிற் பலர் கற்கும் ஆரம்பப் பாடசாலைகளிலும் ஒன்றைக் காணலாம். ரூர்ப் பகுதியில் 2007 இல் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் இசைக்கருவி என்னும் திட்டம் தொடங்கப்பட்டு, 2015 முதல் "யெக்கிற்ஸ்" என்னும் பெயரில் மாநிலம் எங்கும் விரிந்தது. இசைப்பள்ளி ஆசிரியர் பாடசாலைக்கு வருகின்றார். கருவி இரவலாகக் கொடுக்கப்படுகின்றது. ஆண்டு முடிவிற் பிள்ளைகளே வாசிக்கின்றனர். கேட்பதற்கு அது எப்போதும் இனிமையாயிருக்கும் என்று நாம் கூறமாட்டோம். முப்பது வயலின்கள் ஒருங்கே சுருதி விலகுவதைக் கேட்ட பெற்றோர் எம்மிடையே உள்ளனர். ஆயினும் அவர்கள் அதனைக் கைப்பேசியிற் பதிந்து வைத்திருக்கின்றனர்.

அந்தப் பொறுமையைத் தமிழ் விழாவிற்கு வரும்போது மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வருவது ஏன்? டொச் பாடசாலையில் எங்கள் பிள்ளை தவறி வாசித்தால் "பழகுகிறான்" என்கின்றோம். தமிழ்ப் பாடசாலையிற் தவறி வாசித்தால் "எங்கட ஆக்களுக்கு ஒண்டும் ஒழுங்காச் செய்யத் தெரியாது" என்கின்றோம். ஆசிரியர்கள் இரவோடிரவாக ஒரு வாத்தியக்காரரைத் தேடி ஓடுவது இந்தச் சொல்லுக்கு அஞ்சியே.

பணத்தைப் பற்றியும் பேசியே ஆகவேண்டும். வெளியூர்க் கலைஞரின் சன்மானம் என்று நாம் கணக்கிடுவது கையிற் கொடுக்கும் தொகையை மட்டுமே. பயணமும் தங்குமிடமும் அதனோடு சேரும். ஜேர்மனியில் வதியாத கலைஞருக்கு ஒரு நிகழ்ச்சிக்கு 250 யூரோவிற்கு மேற்படக் கொடுத்தால், பொது விதிப்படி 15 வீத வருமான வரியும் அதன்மேற் கூடுதல் வரியும் அமர்த்தியவரே கழித்து வரிப் பகுதிக்குச் செலுத்த வேண்டும். அடிக்கடி கலைஞரை அமர்த்தும் சங்கங்கள், கலைஞர் சமூகக் காப்பீட்டு நிதியத்திற்கும் ஒரு பங்கு கட்டுதல் வேண்டும். 2025 இல் அது சன்மானத்தில் 5 வீதமாக இருந்தது. இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால், ஓரிரவு வாசித்துச் செல்பவருக்குச் செலவாகும் பணத்தில், அயல் நகரில் வாழும் ஒரு மிருதங்க ஆசிரியரைப் பல சனிக்கிழமைகளுக்கு வருவிக்க முடியும். டோர்ட்முண்ட், எசன், டுசல்டோர்வ் என்று ஒன்றிரண்டு மணித்தியாலப் பயணத் தொலைவில் கற்றுத்தேர்ந்தோர் இல்லாமலில்லை. அவர்களை நாம் தேடாததற்குக் காரணம் ஒன்றே. அவர்களின் படத்தை விளம்பரத்திற் பெரிதாகப் போட்டால் யாரும் நுழைவுச்சீட்டு வாங்கமாட்டார்கள்!

ஹம் நகரத்திலுள்ள எமக்கு வேறு நகரத்தார்க்கு வாய்க்காத ஒரு வசதியும் உண்டு. ஸ்ரீ காமாட்சி அம்பாள் ஆலயம் 1989 இற் சிறிய அளவிற் தொடங்கியது. 1993 இல் முதன்முதலாக அம்பாள் இந்நகர வீதியில் உலா வந்தாள். ஊன்ட்றொப்பில் 17 மீற்றர் உயரக் கோபுரத்துடன் எழுந்த ஆலயத்திற்கு 2002 ஜூலையிற் கும்பாபிஷேகம் நிறைவேறியது. அந்தக் கோபுரத்தின் சிற்ப வேலைக்கு இந்தியாவிலிருந்து கலைஞர்கள் வந்தனர். எம்மவரால் ஆகாத வேலைக்கு ஆனவரை அழைத்தது முறையே. ஆண்டுதோறும் கோடைத் தொடக்கத்தில் மகோற்சவம் நடைபெறும்போது வெளிநாடுகளிலிருந்தும் பல்லாயிரவர் கூடுகின்றனர். நாதஸ்வரமும் தவிலும் முழங்குகின்றன. அதாவது, மேளத்தின் ஓசையை எம் பிள்ளைகள் வாசலிலேயே கேட்கின்றனர். தேரன்று அதற்கு முன்னால் நடந்து செல்கின்றனர்; பின்னர் கச்சான் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகின்றனர். ஒலித்த தோலின் ஒருபக்கம் கையாலும் மறுபக்கம் கழியாலும் ஏன் அடிக்கப்படுகின்றது, விரல்களில் உள்ள கூடுகள் எதனாற் செய்யப்பட்டவை என்று அந்தக் கலைஞரிடம் கேட்டறிந்த பிள்ளை எத்தனை?

திருவிழாவிற்கு வரும் கலைஞர்களுள் ஒருவரேனும் ஒரு சனிக்கிழமை முற்பகலில் எமது வகுப்பறைக்கு வர முடியுமாயின், அவருக்கு ஒரு சிறு சன்மானமும் மதியச் சாப்பாடும் கொடுக்க எம்மால் இயலும். வீட்டில் வந்து நிற்கும் விருந்தாளியிடம் பிள்ளைகளை அழைத்துச் சென்று "இவர்களுக்கும் இரண்டு சொற்கட்டுச் சொல்லிக் கொடுங்கள்" என்று கேட்பதற்கு என்ன தடை? கேட்காமல் யாரும் மறுத்ததாகக் கொள்ளுதல் தகாது. ஆசிரியர் கூட்டத்தில் இதனை நாம் முன்வைத்துள்ளோம். நிர்வாகத்தாரும் ஆலயத்தாருடன் பேச இசைந்துள்ளனர்.

எமது கருத்திற்கு மாறான ஒரு நியாயத்தையும் கூறாமல் விடலாகாது. சில பெற்றோர் கேட்கின்றனர்: நல்ல வாத்தியக்காரருடன் ஒருமுறையாவது மேடையில் இருந்தாற்றானே பிள்ளைக்கு உற்சாகம் வரும்? பரதநாட்டிய அரங்கேற்றத்திற்குப் பக்கவாத்தியக்காரரைச் சென்னையிலிருந்து அழைக்கும்போது வராத குற்றம் இங்கே மட்டும் எப்படி வந்தது? இது நல்ல கேள்வி. அரங்கேற்றத்திற் பிள்ளை ஆடுகின்றாள். வயலின்காரரும் மிருதங்கக்காரரும் வாசிக்கின்றனர். அவரவர் பெயர் அழைப்பிதழில் உண்டு. பிள்ளைக்காக இன்னொருவர் திரைமறைவில் ஆடுவதில்லை. தாளவாத்திய நிகழ்ச்சியிலும் அவ்வாறே செய்வதாயின், அதாவது வல்லுநர் முன்னிலையில் இருந்து தமக்குரியதை வாசித்து, பிள்ளைக்குரிய இடத்திற் கையை எடுத்துவிடுவாராயின், எமக்கு மறுப்பேயில்லை. அப்படிக் கையை எடுத்துவிடத் தெரிந்தவரே பெரிய வித்துவான் என்பது எமது துணிபு. எல்லாப் புகழ் பெற்றவர்க்கும் அது கைவருவதில்லை என்பதையும் பல மேடைகளிற் கண்டிருக்கின்றோம்.

இம்மலர் தங்கள் கைகளிற் கிடைக்கும் இன்றைய விழாவிற் பிள்ளைகளின் தாளக் கச்சேரி இடைவேளைக்குப் பின்னர் இடம்பெறுகின்றது. ஒன்பது பிள்ளைகள் வாசிக்கின்றனர். அவர்களைப் பழக்கிய ஆசிரியர் கடந்த தை மாதம் முதல் இரு வாரத்திற்கு ஒருமுறை புகையிரதத்தில் வந்து சென்றவர். அவர் மேடையின் வலப்பக்கத்தில், எல்லோரும் காண, தமது மிருதங்கத்துடன் அமர்ந்திருப்பார். அவர் பெயர் நிகழ்ச்சி நிரலில் உண்டு. ஒலிவாங்கிகள் பிள்ளைகளின் முன்னேயே வைக்கப்பட்டுள்ளன. மிசிர சாபு தாளத்தில் வரும் பகுதியில், இரண்டாம் சுற்றில், வேகம் சிறிது தளம்பக்கூடும். ஒத்திகைகளில் மூன்று தடவை தளம்பியது, நான்காந் தடவை நின்றது. இடப்பக்க ஓரத்திற் கைத்தாளம் பிடிக்கும் ஆறு வயதுப் பிள்ளை இவ்வாண்டே பாடசாலையிற் சேர்ந்தவள். அவளுடைய தாளம் தங்களுக்குக் கேட்கும்படி, கச்சேரி நடக்கும்போது கதிரைகளை இழுக்காமல் இருக்குமாறு கேட்டுக்கொள்கின்றோம்.